வெண்கலம் படித்த கட்டுரை

அந்தத் தத்துவத் துறைக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற இடங்களில் மனம் என்றால் என்ன என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிப்பார்கள். இங்கே அப்படியெல்லாம் சோம்பேறித்தனம் கிடையாது. நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்து, தலையில் கம்பிகளை மாட்டி, கேள்வி கேட்டு, வந்த எண்களை வைத்துக்கொண்டுதான் யோசிப்பார்கள். "ஆதாரம் இல்லாம வாயைத் திறக்கக் கூடாது" என்பது துறைத் தலைவரின் கொள்கை. அவர் வாயைத் திறக்கும்போது மட்டும் வார்த்தை முன்னால் போய்விடும், ஆதாரம் பின்னால் மெதுவாக நடந்து வரும்.

துறையில் எல்லாரும் ஆண்கள், அவளைத் தவிர. அவள் தற்காலிக விரிவுரையாளர். யார் எது சொன்னாலும் "ஆனாலும்" என்று ஆரம்பித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பாள் என்பதால் மாணவர்கள் அவளுக்கு 'ஆனாலும் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். சக ஆசிரியர்களுக்கு அந்தப் பேர் தெரியாது. அவள் 'ஆனாலும்' என்பதைத் தாண்டி அவர்கள் கேட்டதே இல்லை.

அதற்கு ஒரு முறை இருந்தது. வாராந்தரக் கருத்தரங்கில் புதிதாகக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியோடு ஒட்டிய கேள்வி என்றால் ஒரு விரலை மட்டும் தூக்கினால் போதும். விரலுக்கு முன்னுரிமை. கை வரிசையில் நிற்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், காகிதத்தில் பார்த்தால். நடைமுறையில் அறை முழுக்க விரலாக இருக்கும். தலைவர் விரலைத் தூக்குவார், அவர் விரலோடு ஒட்டிய விரல் ஒன்று எழும், அந்த விரலுக்கு ஒரு விரல். அவள் கை மட்டும் பேருந்துக் கம்பியைப் பிடித்தவள் கை மாதிரி மேலேயே இருக்கும். கடைசியில் "நேரம் ஆயிடுச்சே" என்று தலைவர் வருத்தப்படுவார். உண்மையாகவே வருத்தப்படுவார், மனுஷன் கெட்டவர் இல்லை.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாத் துறைகளும் தங்களிடம் பெண்களுக்கான சூழல் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்ல வேண்டுமாம். துறையில் இருப்பது ஒரே ஒரு பெண். அவளைக் கூப்பிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். அதனால் ஒரு குழு அமைத்தார்கள்.

குழுவில் தலைவர் இருந்தார். துறையின் எண்களை எல்லாம் பார்த்துக்கொள்பவர் இருந்தார். எதைக் கேட்டாலும் கூட்டி வகுத்துச் சொல்லும் அவருக்கு 'சராசரி' என்று பேர். மூன்றாவது ஆள் வெண்கலம். அவருக்கு உண்மையிலேயே வெண்கலக் குரல். ஒலிபெருக்கியில் "வண்டி நகர்த்தவும்" என்று அவர் சொன்னால்கூட அதில் ஏதோ ஆழம் இருக்கிற மாதிரி இருக்கும். இந்தப் பேரில் அவருக்கே கொஞ்சம் பெருமை. நிறங்களை மனம் எப்படிப் பார்க்கிறது என்று ரொம்ப வருஷமாக ஆராய்ந்து, அது கடினமான விஷயம் என்று கண்டுபிடித்திருந்தார்.

முதல் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஆரம்பித்தாள். "சார், நான் கை தூக்கினா..."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் சராசரி. "ஒருத்தர் சொல்றது தரவாகாது."

"இங்க இருக்கறதே ஒருத்திதான் சார்."

"அதான் பிரச்சனை. நீங்க இன்னும் நாப்பது பேர் இருந்திருந்தா ரொம்ப வசதியா இருந்திருக்கும்."

அவள் சோதனையை நடத்தவும் முடியாதாம். பாதிக்கப்பட்டவள் என்றால் பாரபட்சம் வந்துவிடும். சோதனைக்கு உட்படவும் முடியாதாம். எதைச் சோதிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெண்களுக்கான சூழலை ஆராய்வதற்கு அந்தத் துறையில் ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது, அது அந்தப் பெண்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது சராசரிதான். அவளுக்கு அந்தப் பருவத்தில் பணி நிரந்தரம் பற்றிய முடிவு வரவேண்டி இருந்தது. அதற்கு அவள் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அது தேறினால் வேலை, இல்லையென்றால் மேசையைக் காலிசெய்ய வேண்டியதுதான். சராசரி சொன்ன யோசனை இது: அதே கட்டுரையை அவள் ஒரு கூட்டத்துக்கு வாசிக்கட்டும். மறுநாள் வெண்கலம் அதை வேறொரு கூட்டத்துக்கு, தன் கட்டுரை மாதிரி வாசிக்கட்டும். வித்தியாசம் வந்தால் தரவு. வராவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிவிடலாம்.

"ஆனாலும், அவரும் ஒருத்தர்தானே?" என்றாள்.

"அவர் ஒருத்தர் இல்ல மேடம், அவர் ஒப்பீட்டுக் குழு" என்றார் சராசரி.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கட்டுரையே அதைப் பற்றித்தான். ஒரு வாதத்தைக் கேட்கும்போது நாம் முதலில் குரலை எடைபோடுகிறோம், அப்புறம் வாதத்தைத்தான் எடைபோட்டோம் என்று மனதார நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் பொய்யே இல்லை, அதனால்தான் அது அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது. இதை நிரூபிக்க அவளுக்கு யாரும் பணமும் தரவில்லை, ஆளும் தரவில்லை. இப்போது துறையே முன்வந்து சோதனை நடத்தித் தருகிறது. சபலம் யாரை விட்டது? "சரி" என்றாள். தன் குழியைத் தானே அளவு சொல்லி வெட்டக் கொடுத்த கெட்டிக்காரத்தனம் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அன்று இரவு அம்மா போன் செய்தாள். அம்மாவுக்கு மனம், வாதம் இதெல்லாம் அக்கறை இல்லை. "பெர்மனென்ட் ஆயிடுச்சாடி?" என்பது ஒன்றுதான் அவளுடைய கேள்வி, ஆறு வருஷமாக.

"கட்டுரை படிக்கணும்மா. அதுக்கப்புறம் தெரியும்."

"நல்லா சத்தமாப் படி" என்றாள் அம்மா.

படித்தாள். அவளுக்குக் கிடைத்தது மாடியில் உள்ள சின்ன அறை. ஜன்னல் திரைச்சீலை பாதியில் சிக்கிக்கொண்டு, வெண்திரையில் காட்டும் படத்தின் மேல் வெயில் விழும். இருந்தாலும் நன்றாகவே வாசித்தாள். கேள்விகள் சரம்சரமாக வந்தன. ஒன்று விடாமல் பதில் சொன்னாள். கடைசி வரிசையில் ஒருவர் மூன்று நிமிஷம் தன் கொள்கையைச் சொல்லிவிட்டு "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டதற்குக்கூட, அதிலிருந்து ஒரு கேள்வியைத் தோண்டி எடுத்துப் பதில் சொன்னாள். வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

மறுநாள் வெண்கலம் கீழே உள்ள பெரிய அரங்கில் வாசித்தார். கட்டுரையை அவர் அதற்கு முன்னால் பார்த்திருப்பதாகத் தெரியவில்லை. "படம் இரண்டைப் பார்க்கவும்" என்பதையும் சேர்த்துப் படித்தார், திரையில் படம் எதுவும் இல்லை, எல்லாரும் பார்த்தார்கள். நடுவில் இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். மூன்றாவது பகுதி அப்படியே போய்விட்டது. அதில்தான் வாதத்தின் முதுகெலும்பு இருந்தது. யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, "நல்ல கேள்வி. இதை நான் இன்னும் யோசிக்கணும்" என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

அந்த வாசிப்பின் ஒலிப்பதிவை சராசரி எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். மாலையில் வீட்டுச் சமையலறையில் வைத்து அதை ஓடவிட்டாள். அவள் கணவன் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் பிசியோதெரபிஸ்ட், நாள் முழுக்க அடுத்தவர் முதுகை நீவிவிட்டு வருபவன். இதே கட்டுரையை அவள் வீட்டில் ஒத்திகை பார்த்தபோதெல்லாம் சோபாவில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருக்கிறான். இரண்டு முறை தூங்கிப்போனான், அதுவும் பொறுமையாகத்தான்.

வெண்கலத்தின் குரல் சமையலறையை நிறைத்தது. கணவன் தட்டும் துணியுமாக அப்படியே நின்றான்.

"யாருப்பா இது? விஷயம் உள்ள ஆளா இருக்காரே."

அவள் ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள்.

"இல்ல, எவ்வளவு தெளிவா சொல்றாரு பாரு. குரலைத்தான் முதல்ல கேக்கறோம்னு. கரெக்ட்தானே அது?"

"அது என் கட்டுரை" என்றாள்.

தட்டு கையில் இருந்ததால் தப்பித்தான். அதை வெகுநேரம் துடைத்தான். "எனக்குத் தூக்கக் கலக்கம்பா அன்னிக்கு... நான் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?" என்றான். சொல்லியிருந்தான். நல்லாயிருக்கு என்றுதான் சொல்லியிருந்தான், கொட்டாவிக்கு நடுவில். அவளுக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கில் சேரட்டும், இந்த வீடு சேரக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள்.

அவன் போய்ப் படுத்த பிறகு காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். எங்கெங்கே தவறாகப் படித்திருக்கிறார் என்று குறித்து வைத்து, குழுவின் முகத்தில் எறியலாம் என்று எண்ணம். இரண்டாவது பகுதி வந்தபோது அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம், சரிதான், எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று மனம் சொன்னது. அந்த வாக்கியத்தை எழுதும்போது அவளுக்கே அதன் மேல் சந்தேகம் இருந்தது. மூன்று முறை அடித்துத் திருத்தியிருந்தாள். வெண்கலம் சொன்னதும் சந்தேகம் போய்விட்டது.

காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். தன் வாக்கியத்தைத் தானே நம்புவதற்கு ஒரு ஆண்குரல் வேண்டியிருந்திருக்கிறது. கட்டுரை எவ்வளவு உண்மை என்பது தெரிந்த அந்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. தத்துவத்தில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்று நினைத்துக்கொண்டு அழுதாள்.

முடிவு சொல்லும் கூட்டம் தலைவர் அறையில் நடந்தது. நீள மேசை, சுவரை ஒட்டி யாருடைய தலையிலிருந்தோ கழற்றிய கம்பித் தொப்பிகள், தண்ணீர் பாட்டில்கள். சூழல் குழுவும் நிரந்தரக் குழுவும் ஒன்றேதான், ஆள் பற்றாக்குறை.

சராசரி படித்தார். அவளுக்குப் பத்துக்கு ஐந்தரை. வெண்கலத்துக்கு எட்டரை. கூடவே கருத்துகள். அவளுக்கு: 'தற்காப்பாகப் பேசுகிறார்.' 'எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறார், திறந்த மனம் இல்லை.' 'இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்.' வெண்கலத்துக்கு: 'அபாரமான அடக்கம்.' 'சுருக்கம், செறிவு.'

"மூணாவது பகுதியை அவர் படிக்கவே இல்லை சார்" என்றாள் அவள்.

வெண்கலம் திடுக்கிட்டார். "அப்படியா?"

சராசரி தாளைப் பார்த்தார். "அப்படீன்னா மூணாவது பகுதி தேவையில்லைன்னு தெரியுது. இது கூடுதல் கண்டுபிடிப்பு" என்று குறித்துக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "இது ரொம்ப வேதனையான விஷயம். நம்ம துறையிலயா இப்படின்னு இருக்கு. உடனே இதைப் பிரசுரம் பண்ணணும். நான், சராசரி, வெண்கலம், மூணு பேர் பேரும் வரும்."

"என் பேர்?"

"நீங்க இதுல ஆய்வாளர் இல்லையே மேடம். நீங்க தூண்டல் பொருள், அதாவது சோதனைக்கு வெச்ச பொருள். அடிக்குறிப்புல நன்றி கண்டிப்பா உண்டு."

"சரி சார். என் வேலை?"

ஐந்தரை தேறாது என்பது எல்லாருக்கும் தெரியும். "ஆனாலும், அந்த மதிப்பெண் ஏன் கம்மின்னு இப்பத்தானே நீங்களே நிரூபிச்சீங்க?" என்றாள்.

"அதான் மேடம் சிக்கல்" என்றார் தலைவர். சிக்கல் என்றால் அவருக்கு உயிர், முகம் மலர்ந்துவிட்டது. "உங்க கொள்கை என்ன? ஆளைப் பார்த்துத்தான் வாதத்தை எடை போடறோம்னு. இப்ப உங்களை நிரந்தரம் பண்ணிட்டோம்னு வைங்க. நாங்க ஆளைப் பார்க்கல, வாதத்தைத்தான் பார்த்தோம்னு ஆயிடும். உங்க கொள்கை பொய்யாயிடும். பொய்யான கொள்கைக்கு எப்படி வேலை குடுக்கறது?"

"குடுக்கலைன்னா?"

"கொள்கை நிரூபணம் ஆயிடும். பேர் நிலைச்சு நிக்கும்."

"வேலை?"

"அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார் தலைவர். சராசரி தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு நேர்த்தியான வாதத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது அவருக்கு.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இப்படித்தான் வந்து முடியும் என்று ஒலிப்பதிவைக் கேட்ட இரவே அவளுக்குத் தோன்றியிருந்தது. "கடைசியா நான் ஒண்ணு சொல்ல உரிமை இருக்கு சார். தொண்டை கட்டியிருக்கு. வெண்கலம் சார் படிக்கட்டுமா?"

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. வெண்கலம் நல்ல மனுஷன். உதவி என்று கேட்டால் மறுக்கத் தெரியாது. வாங்கினார், எழுந்து நின்றார், படித்தார்.

"இந்தக் கட்டுரையை நாம் இரண்டு முறை கேட்டோம். ஒரு முறை நமக்குப் பிடித்தது, ஒரு முறை பிடிக்கவில்லை. கட்டுரை மாறவில்லை. அதை எழுதியவரும் மாறவில்லை. அவருக்கு வேலை கொடுக்கத் தயங்குவதற்கு நம்மிடம் காரணம் இருப்பதாக நினைக்கிறோம். அது காரணம் அல்ல, பழக்கம். பழக்கத்துக்கு வாதம் என்று பேர் வைப்பதை இன்றோடு நிறுத்துவோம். இவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

கடைசி வரியில் வெண்கலத்தின் குரல் தழுதழுத்தது. அவருடைய குரல் அவரையும் விட்டுவைக்கவில்லை. சராசரி பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் எழுந்தே விட்டார்.

"எவ்வளவு சரியா சொன்னீங்க! பழக்கம். அதேதான். நான் இதை வழிமொழியறேன்."

ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் மேசையைச் சுற்றி வந்து வெண்கலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு பெண்ணுக்காக இப்படி எழுந்து நின்னு பேசறதுக்குத் துணிச்சல் வேணும்."

"சார், இது மேடம் எழுதினது. நான் சும்மா படிச்சேன்" என்றார் வெண்கலம், பரிதாபமாக.

"அடக்கத்தைப் பாருங்க" என்றார் தலைவர் சராசரியிடம்.

அந்த மாலை அம்மாவுக்கு அவளே போன் செய்தாள். "ஆயிடுச்சும்மா."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள், "யாரு சிபாரிசு?"

"துறையில ஒரு சார்."

"நல்ல மனுஷன். நேர்ல போய் ஒரு நன்றி சொல்லிடு, மறக்காதே."

போனை வைத்துவிட்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கேட்டது அவள் இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிவைத்துவிட்டார்கள். கணவன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இம்முறை எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் புத்தி வந்திருந்தது, கொஞ்சம்.

நிரந்தர ஆசிரியர்கள் முறைவைத்துக் கருத்தரங்கை நடத்த வேண்டும் என்பது துறையின் விதி. அடுத்த மாதம் அவள் முறை வந்தது. வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். அவர் பேசி முடித்ததும் வழக்கம்போல விரல்கள் முளைத்தன.

"கையும் வேண்டாம், விரலும் வேண்டாம்" என்றாள் அவள். "துண்டுச்சீட்டு வெச்சிருக்கேன். கேள்வியை எழுதிக் குடுங்க, பேர் போட வேண்டாம். எல்லாத்தையும் நானே படிக்கிறேன். குரலைப் பார்த்து யாரும் ஏமாந்துடக் கூடாது பாருங்க. நம்ம துறையோட கண்டுபிடிப்புதான்."

தங்கள் கண்டுபிடிப்பை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. தலைவர் நீளமாக எழுதினார். எழுதும்போதே தலையை ஆட்டி ரசித்துக்கொண்டார். சீட்டு அவள் கைக்கு வந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஒரு எழுத்துகூட மாற்றாமல், தெளிவாக, தன் சொந்தக் குரலில் படித்தாள். நல்ல கேள்விதான் அது. பேச்சின் அடிமடியிலேயே கைவைத்த கேள்வி.

அறையில் ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ போனைப் பார்த்தார்கள். பேச்சாளர் மரியாதையாகச் சிரித்தார். "இது... கொஞ்சம் குழப்பமா இருக்கு மேடம். நேரம் இருந்தா கடைசியில பார்ப்போமே. அடுத்த கேள்வி?"

தலைவரின் முகம் சிவந்தது. கை எழுந்தது, பாதியில் விரலாகச் சுருங்கியது, மறுபடி கையானது. யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சராசரியிடம் குனிந்து, "அது என் கேள்விங்க. ரொம்ப முக்கியமான கேள்வி" என்றார்.

"அப்படியா சார்? எனக்கு அது அவ்வளவு தெளிவாப் படலையே" என்றார் சராசரி. அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

"ஆனாலும்..." என்று எழுந்தார் தலைவர்.

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த வார்த்தையை அந்த அறையில் எத்தனை தடவை, அதே இடத்தில் அறுந்துபோகிற மாதிரி, அவள் சொல்லியிருப்பாள்!

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "ஒருத்தர் சொல்றது தரவாகாது." பிறகு அடுத்த சீட்டைப் பிரித்துப் படித்தாள்.